பூட்டு சரியில்லை

மால்கம் டிரிங் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர். பத்தொன்பது வருஷமாக எங்களுக்கு நடுவில் இருப்பது இடுப்பளவு மரவேலி ஒன்றுதான். அந்த வேலிக்கு மேலாக அவர் எனக்குத் தந்த புறாக்கள் எத்தனை என்று எனக்கே தெரியாது. நெஞ்சுக்கறியை மட்டும் எடுத்து, ரொட்டி வந்த பையில் சுற்றி நீட்டுவார். நீட்டும்போது "மிளகு" என்று ஒரே ஒரு சொல் சொல்வார். மிளகு இடித்துப் போட்டு வறுத்தால் தனக்கும் ஒரு கிண்ணம் வரவேண்டும் என்று அதற்கு அர்த்தம்.

எங்கள் பக்கம் நிலமெல்லாம் கடலைவிடத் தாழ்வு. வாய்க்கால்கள் அடைத்துக்கொண்டால் ஊர் தண்ணீரில் நிற்கும். மால்கம் வடிகால் வாரியத்தில் நாற்பத்தொரு வருஷம் பொக்லைன் ஓட்டி அந்த வாய்க்கால்களைத் தூர் வாரியவர். நாள் முழுக்க இயந்திரத்துக்குள் தனியாக உட்கார்ந்தே பழகியதாலோ என்னவோ, பேச்சு அவருக்கு வரவே வராது. "வாயத் திறந்தா முத்து உதிர்ந்துடும்னு நெனப்பு இவருக்கு" என்பார் அவர் மனைவி வெண்டி. மால்கமிடம் ஒரு கொள்கையும் இருந்தது. அடுத்தவர் காரியத்தைக் கேட்கக் கூடாது. சொன்னால் கேட்டுக்கொள்வார், சொல்லாததை ஒருநாளும் கேட்டதில்லை. என் வீட்டில் ஒரு மரணம் நடந்தபோதுகூட, வந்தார், எங்கள் புல்தரையை வெட்டிவிட்டுப் போனார், ஒரு வார்த்தை கேட்கவில்லை. அப்போது அது எனக்கு ஆறுதலாகத்தான் இருந்தது.

அவருக்கு ஒரே நண்பர் ரோலண்ட் லீக். பெரிய வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் முந்நூறு ஏக்கர் வைத்திருப்பவர். இருவரும் ஒரே வகுப்பில் படித்தவர்கள். ரோலண்டின் அப்பா நிலத்தில் மால்கமின் அப்பா உருளைக்கிழங்கு பொறுக்கக் கூலிக்குப் போயிருக்கிறார். அந்த வித்தியாசத்தை இவர்கள் எப்போது மறந்தார்கள் என்று யாருக்கும் தெரியாது. வருஷத்தில் பதினைந்து இருபது சாயங்காலம் இருவரும் ரோலண்டின் வயலோரம் மறைப்பு வலைக்குப் பின்னால் உட்கார்ந்து பயிரைத் தின்ன வரும் காட்டுப்புறாக்களைச் சுடுவார்கள். தோளோடு தோள் உட்கார்ந்து முன்னால் பார்த்துக்கொண்டிருக்கலாம். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க வேண்டியதில்லை. மால்கமுக்கு ஏற்ற நட்பு அது.

நான் சொல்லப்போவது ஆறு வருஷத்துக்கு முந்தைய ஒரு ஜூலை மாதத்துக் கதை. பாதி மால்கம் வேலியோரம் சொன்னது. மீதி ரோலண்டும் அவர் மனைவி மார்ஜரியும் சொன்னது. "யார்கிட்ட வேணும்னாலும் சொல்லுங்க, இதுல மறைக்க என்ன இருக்கு" என்று ரோலண்டே சொல்லிவிட்டார்.

அதற்கு முந்தைய இலையுதிர் காலத்தில் மழை ஆரம்பித்து பிப்ரவரி வரை நிற்கவில்லை. விதைத்த கோதுமை எண்பது ஏக்கர் தண்ணீருக்குள் அழுகிப் போயிற்று. இது எங்கள் பக்கத்தில் புதிதில்லை. ரோலண்டின் அப்பா காலத்திலும் நடந்ததுதான். அதனால் ரோலண்ட் மாறிப்போனதற்கு அது மட்டுமே காரணம் என்று யாராலும் சொல்ல முடியாது. மகன் ஊரைவிட்டுப் போய் நகரத்தில் வேலை பார்த்தான், அதுவும் பழைய சங்கதி. மார்ஜரி நல்லவர். வீட்டில் சண்டை கிடையாது. இருந்தும் வசந்தத்தில் மால்கம் சில விஷயங்களைப் பார்த்தார். முற்றத்துக் கதவின் கீல் கழன்று தொங்கியது. மூன்று வாரம் கழித்துப் போனபோதும் அப்படியே தொங்கியது. ரோலண்டின் தாடையில் ஒரு பக்கம் சவரம் ஆகாமல் இருந்தது. தபால்கள் பிரிக்கப்படாமல் டிராக்டரின் முன்கண்ணாடி ஓரம் வெயிலில் மஞ்சளாகிக் கிடந்தன. மால்கம் எல்லாவற்றையும் பார்த்தார். வழக்கம்போல ஒன்றும் கேட்கவில்லை.

ஜூலைக் கடைசியில் ஒரு புயல்காற்று அடித்தது. மூன்றாம் நாள் ரோலண்ட் தொலைபேசியில் கூப்பிட்டார்.

"நெட்டை மரத்தடி வயல்ல பார்லி படுத்துடுச்சுடா. புறா மொய்க்குது. சாயங்காலம் வர்றியா?"

"வர்றேன்" என்றார் மால்கம்.

நாலரை மணிக்கு அவர் வேனிலிருந்து இறங்கியபோது மார்ஜரி கொடியிலிருந்து துணி எடுத்துக்கொண்டிருந்தார்.

"நீ வர்றேன்னு சொன்னதுக்கப்புறம்தான் சவரமே பண்ணினான். அடிக்கடி வந்து தொலையேன் மால்கம்" என்றார் சிரித்துக்கொண்டே. சிரிப்பு கண்வரை வரவில்லை என்பதையும் மால்கம் பார்த்தார்.

வயலோர வாய்க்காலில் தண்ணீர் வற்றிச் சேறு மட்டும் கிடந்தது. அதன் கரையில் முள்மரங்களுக்கு அடியில் நாலு கம்பு நட்டு வலையைக் கட்டினார்கள். உட்கார இரண்டு எண்ணெய் டின்கள். காற்று முதுகுப் பக்கம், வெயிலும் முதுகுப் பக்கம். இடம் பார்ப்பதில் மால்கம் கெட்டிக்காரர். படுத்துக்கிடந்த பார்லியின்மேல் பொம்மைப் புறாக்களை லாடம்போல வளைத்து வைத்து, நடுவில் நிஜப் புறா இறங்க இடம் விட்டார்கள். நெட்டில் என்ற மால்கமின் கறுப்பு லாப்ரடார் நாய் தானாகவே வந்து இருவர் கால்களுக்கும் நடுவில் படுத்துக்கொண்டது.

"அந்தத் தொப்பிய இன்னும் எரிக்கலையாடா? அதப் பாத்தா புறா என்ன, காக்காகூட வராது" என்றார் ரோலண்ட்.

"வந்தா மட்டும் நீ அடிச்சிடுவியாக்கும்" என்றார் மால்கம்.

மால்கமுக்கு நிம்மதியாக இருந்தது. பழைய ரோலண்ட்தான் என்று நினைத்துக்கொண்டார்.

இடது பக்கம் வருவது ரோலண்டுக்கு, வலது பக்கம் வருவது மால்கமுக்கு. நாற்பது வருஷத்து ஏற்பாடு அது. ஐந்து மணிக்கு மேல் நெட்டை மரங்களின் வரிசையை ஒட்டிப் புறாக்கள் வர ஆரம்பித்தன. முதலில் இரண்டு, பிறகு தனியாக ஒன்று, பிறகு ஐந்தாறாக. பொம்மைகளைக் கண்டதும் சிறகை அசைக்காமல் விரித்துவைத்துச் சறுக்கி இறங்கும். கழுத்தின் வெள்ளைத் திட்டு தெரியும்வரை மால்கம் காத்திருப்பார். அரை மணி நேரத்தில் ஆறு அடித்தார். ஒவ்வொன்றையும் நெட்டில் போய் எடுத்துவந்து காலடியில் வைத்தது.

ரோலண்டின் துப்பாக்கி மடியிலேயே கிடந்தது. இடது பக்கம் வந்தவை இறங்கின, தின்றன, எழுந்து போயின.

"தூங்கறியா?" என்றார் மால்கம்.

"வெயில் கண்ணுல அடிக்குது."

வெயில் முதுகுப் பக்கம் இருந்தது. மால்கம் அடுத்த தோட்டாவைப் போட்டுக்கொண்டார்.

இன்னும் நாலைந்து வந்து போயின. கடைசியாக ஒரு பெரிய புறா இடது ஓரத்திலிருந்து தனியாக வந்தது. ரோலண்ட் எழுந்தார், ஒரே குண்டு. புறா கல்லைப்போல விழுந்தது. நெஞ்சு இறகு மட்டும் சிறிது நேரம் காற்றில் நின்றது. நெட்டில் அதைக் கொண்டுவந்ததும் ரோலண்ட் வாங்கிக் கையில் வைத்துக்கொண்டார். கழுத்துக்குக் கீழே தொண்டைப்பையைக் கட்டைவிரலால் அழுத்தினார். உள்ளே பார்லி மணிகள் நெறுநெறுவென்றன.

"வயிறு நெறைய நம்ம பார்லி. இதுக்கு ஒரு கவலையும் இருந்திருக்காது பாரு" என்றார்.

பிறகு தன் இரட்டைக்குழல் துப்பாக்கியை மடித்துத் திறந்தார். சுட்ட தோட்டாவைக் கீழே போட்டார். சுடாத இன்னொன்றை எடுத்தார். அதைத் தன் பைக்குள் போடாமல் மால்கமின் சட்டைப் பையில் போட்டார். இடுப்பிலிருந்த தோட்டாப் பையையும் கழற்றி மால்கமின் டின்னுக்குப் பக்கத்தில் வைத்தார்.

"மால், என் துப்பாக்கிய கொஞ்ச நாள் உன் வீட்டுல வச்சிக்கிறியா?"

"ஏன்?"

"அலமாரிப் பூட்டு சரியில்ல."

துப்பாக்கி வைக்கும் அந்த இரும்பு அலமாரியை ரோலண்டின் சுவரில் திருகி நிறுத்தியது மால்கம்தான். பூட்டுக்கு எண்ணெய் விட்டதும் அவர்தான், அந்த வருஷம் மார்ச்சில். அன்று கிளம்பும் முன் ரோலண்ட் அதைத் திறந்தபோதும் பக்கத்தில் நின்றிருந்தார். சாவி ஒரு சுற்றில் திரும்பியது. இதெல்லாம் ரோலண்டுக்கும் தெரியும். தெரிந்தும் இப்படி ஒரு பொய்யைத் தன்னிடம் சொல்கிறான் என்றால் எதற்காக என்று மால்கம் யோசித்தார். புரிய வெகுநேரம் ஆகவில்லை.

"சரி. அலமாரில இன்னொண்ணு இருக்கே, உங்கப்பாவோடது?"

"இருக்கு."

"ரெண்டையும் எடுத்துக்கறேன். தோட்டாவையும்."

"ம்."

மால்கம் அதோடு நிறுத்தியிருக்கலாம். எப்போதும் அங்கேதான் நிறுத்துவார். இரண்டு புறாக்கள் பொம்மைகளுக்கு நடுவில் இறங்கி, பத்தடி தூரத்தில், இவர்களைச் சட்டைசெய்யாமல் பார்லியைக் கொத்த ஆரம்பித்தன. மால்கம் அவற்றையே பார்த்துக்கொண்டு கேட்டார்.

"பூட்டுதானா ரோலண்ட்?"

ரோலண்ட் குனிந்து நாயின் காதைத் தடவிக்கொண்டிருந்தார். அதற்குள் இன்னும் ஏழெட்டுப் புறாக்கள் இறங்கிவிட்டன. நெட்டில் ஒன்றும் புரியாமல் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தது.

"பூட்டு இல்ல."

"எப்பலேருந்து?"

"மார்ச்லேருந்து இருக்கும். காலைல எழுந்ததும் முதல் நெனப்பே அதுதான். அப்புறம் ஆட்டைப் பாக்கப் போவேன், போயிடும். இப்பல்லாம் போக மாட்டேங்குது. சாவி என் பையிலதான இருக்கு. கை அடிக்கடி அதுக்கே போகுது."

"மார்ஜரிக்குத் தெரியுமா?"

"தெரியாது. உன்கிட்டதான் சொல்றேன்."

மால்கம் நல்ல வார்த்தை ஒன்றைத் தேடினார். எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்ல வாய் வரவில்லை, ஏனென்றால் ஆகுமா என்று அவருக்குத் தெரியாது. ரோலண்டின் முழங்காலில் கையை வைத்தார். அறுபத்து மூன்று வயதில் நண்பனைத் தொடுவது அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன் என்றார் என்னிடம். ரோலண்ட் குனிந்து அழுதார். சத்தமில்லாமல் தோள் மட்டும் குலுங்கியது. அழுது முடியும்வரை கை அங்கேயே இருந்தது.

"அவகிட்டச் சொல்லணும்டா" என்றார் மால்கம்.

"நீ சொல்லிடேன்."

"நான் பக்கத்துல நிக்கிறேன். சொல்றது நீதான்."

"எப்பச் சொல்றது?"

"இப்பத்தான். எழுந்திரு."

எழுந்ததும் புறாக்கள் சிறகடித்துக் கலைந்தன. பொம்மைகளை எடுத்தார்கள், வலையைச் சுருட்டினார்கள். அடித்த ஏழு புறாக்களையும் ரோலண்ட் தூக்கிக்கொண்டார். இருவருடைய துப்பாக்கிகளையும் மால்கம். வயலில் இன்னும் நல்ல வெளிச்சம் இருந்தது. நடக்கும்போது ரோலண்ட் பார்லி ஈரத்தைப் பற்றி ஏதோ சொன்னார். இன்னும் நாலு நாள் காயவேண்டும் என்றார். மால்கம் ஆமாம் என்றார்.

சமையலறையில் மார்ஜரி உருளைக்கிழங்கு வேகவைத்துக்கொண்டிருந்தார். இருவரும் சேற்றுக் காலோடு வாசலில் நின்றார்கள். பூட்ஸைக் கழற்றிவிட்டு உள்ளே வாருங்கள் என்று சொல்ல வாயெடுத்தவர், கணவன் முகத்தைப் பார்த்ததும் அடுப்பை அணைத்தார். ரோலண்ட் சொன்னார். மூன்று வாக்கியம்தான். சொல்லும்போது அடுப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

மார்ஜரி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அழுவார் என்று மால்கம் எதிர்பார்த்தார். அவருக்குக் கோபம்தான் வந்தது.

"ஒரு ஆடு நொண்டினா அன்னிக்கே வைத்தியரக் கூப்பிடறவன் நீ. நாய்க்குக் காதுல புண்ணுன்னு அஞ்சு மைல் போனவன். உனக்குன்னா மட்டும் வாய் வரலையா? நான் என்ன, இந்த வீட்டுல வாடகைக்கா இருக்கேன்?"

"உன்ன பயமுறுத்த வேணாம்னு பாத்தேன்."

"ராத்திரியெல்லாம் பக்கத்துல முழிச்சிக்கிட்டுப் படுத்திருந்தா எனக்குத் தெரியாதா? என் மேலதான் ஏதோ வெறுப்புன்னு நெனச்சிட்டிருந்தேன்."

அதைச் சொன்னபிறகுதான் அழுதார். பிறகு எழுந்துவந்து, குனிந்து, கணவனின் பூட்ஸ் கயிற்றை அவிழ்க்க ஆரம்பித்தார். சேறு காய்ந்து முடிச்சு இறுகியிருந்தது. நகத்தால் பிடுங்கிப் பிடுங்கி அவிழ்த்தார். மால்கம் வெளியே வந்து அலமாரியைக் காலி செய்தார்.

வேன்வரை மார்ஜரி வந்தார்.

"இன்னிக்கு நீ வராம இருந்திருந்தா?"

"வந்துட்டேன்ல" என்றார் மால்கம்.

மறுநாள் காலை இருவரையும் மருத்துவரிடம் கூட்டிப்போனதும் மால்கம்தான். உள்ளே கணவனும் மனைவியும் ஒரு மணி நேரம் இருந்தார்கள். வெளியே மால்கம் ஸ்வெட்டர் பின்னும் பத்திரிகை ஒன்றை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை படித்தார். மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். வாரம் ஒருமுறை நகரத்தில் ஒரு பெண்மணியிடம் போய்ப் பேசவேண்டும் என்றார்கள். முதல் மாதம் மார்ஜரி ரோலண்டைத் தனியாக விடவில்லை. மார்ஜரி கடைக்குப் போகும் நேரம் மால்கம் போய் முற்றத்தில் உட்கார்ந்திருப்பார்.

மூன்று நாளுக்கு மேல் இன்னொருவர் துப்பாக்கி நம் வீட்டில் இருந்தால் காவல்துறைக்கு எழுதித் தெரிவிக்கவேண்டும். சட்டம் அது. மால்கம் சாப்பாட்டு மேசையில் ஒரு மாலை முழுக்க உட்கார்ந்து அந்தக் கடிதத்தை எழுதினார். பூட்டு கெட்டுவிட்டது என்று எழுதினால் எளிதாகப் போயிருக்கும். வெண்டியும் அதைத்தான் சொன்னார்.

"உண்மைய எழுதினா ரோலண்ட் உரிமம் போயிடும்யா. ஊரே பேசும்."

மால்கம் ரோலண்டையே போய்க் கேட்டார். ரோலண்ட், "எழுது. இன்னொரு பொய்ய நான் ஞாபகம் வச்சிக்க முடியாது" என்றார். கடிதத்தோடு தன் உரிமத்தையும் அவரே வைத்து அனுப்பிவிட்டார்.

உரிமப் பிரிவிலிருந்து ஒரு பெண் அதிகாரி மால்கம் வீட்டுக்கு வந்து இரண்டு துப்பாக்கிகளின் எண்ணையும் சரிபார்த்தார். போகும்போது, "நல்ல காரியம் பண்ணினீங்க" என்றார்.

"நான் ஒண்ணும் பண்ணல. அவனாத்தான் சொன்னான்."

"உங்ககிட்டச் சொன்னாரே" என்றார் அந்தப் பெண்.

ஊர் பேசத்தான் செய்தது. மதுக்கடையில் ஒருவன், "ரோலண்ட் துப்பாக்கியெல்லாம் இப்ப உன்கிட்டயாமே, என்ன விஷயம்?" என்று எல்லோர் காதிலும் விழும்படி கேட்டான். "ஆமா, என்கிட்டதான் இருக்கு. அவனுக்கு உடம்பு சரியில்ல" என்று சொல்லிவிட்டு மால்கம் தன் கோப்பையைக் குடித்து முடித்தார். வேகமாகவும் குடிக்கவில்லை, மெதுவாகவும் குடிக்கவில்லை என்று அங்கிருந்தவர்கள் சொன்னார்கள். அதன்பின் யாரும் கேட்கவில்லை.

சில மாதங்கள் எந்த மாற்றமும் தெரியவில்லை. நவம்பரில் ஒருநாள் மால்கம் போனபோது முற்றத்துக் கதவின் கீல் பொருத்தப்பட்டிருந்தது. அடுத்த வருஷம் ரோலண்ட் நிலத்தில் பாதியைக் குத்தகைக்கு விட்டுவிட்டு, ஆடுகளை மட்டும் தானே பார்த்துக்கொண்டார். நடுவில் ஒருமுறை மறுபடியும் இருட்டு வந்தது. அப்போது அவரே மருத்துவரைக் கூப்பிட்டார்.

இரண்டு வருஷம் கழித்து ஒரு நாள், வேலியோரம் நின்று மால்கம் இதையெல்லாம் எனக்குச் சொன்னார். அவர் அத்தனை நேரம் தொடர்ந்து பேசி நான் கேட்டதில்லை. சொல்லி முடித்தபிறகும் போகாமல் வேலியின் ஆணி ஒன்றைக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டே நின்றார்.

"ஊர்ல எல்லாரும் நான் அவனைக் காப்பாத்தினேன்ங்கறாங்க. கதவு தொங்கினப்பவே நான் பாத்தேன். தபால் கிடந்ததையும் பாத்தேன். நாலு மாசம் பாத்துக்கிட்டே இருந்தேன். கேக்காம இருக்கறதுதான் மரியாதைன்னு நெனச்சேன்."

"பெரும்பாலும் மரியாதைதானே அது?" என்றேன்.

"பாதி மரியாதை" என்றார். "பாதி பயம். கேட்டா அவன் பதில் சொல்லிடுவானோன்னு பயம். அன்னிக்கு ஒரு மணி நேரம் குண்டு போட்ட துப்பாக்கிய மடியில வச்சிக்கிட்டு அவன் உக்காந்திருந்தான். நான் பக்கத்துல உக்காந்து புறா சுட்டுக்கிட்டிருந்தேன். அது இன்னிக்கும் மனசுல வருது."

அவர் போனபிறகு அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். நாம் ஒருவரை அவர்பாட்டுக்கு விட்டுவிடுவதில் எவ்வளவு அவருக்காக, எவ்வளவு நமக்காக என்று பிரித்துப் பார்ப்பது கடினம். மால்கம் பிரித்துப் பார்த்துவிட்டார் என்றே எனக்குத் தோன்றியது. அதன்பிறகு அவர் ஒன்றும் பெரிய பேச்சாளர் ஆகிவிடவில்லை. ஆனால் வடிகால் வாரியத்தில் பழைய கூட்டாளி ஒருவர் ஓய்வுபெற்று வீட்டிலேயே அடைந்து கிடந்தபோது, கதவைத் தட்டி, "தூக்கம் வருதா உனக்கு?" என்று நேராகக் கேட்டிருக்கிறார். அந்த மனிதர் திடுக்கிட்டுப்போய் நன்றாக வருகிறது என்று சொன்னாராம். உண்மையாகவே நன்றாகத்தான் வந்ததாம்.

ரோலண்ட் துப்பாக்கிகளைத் திரும்பக் கேட்கவில்லை. உரிமத்துக்கும் மறுபடி விண்ணப்பிக்கவில்லை. ஆனால் புறா சுடப் போவது நிற்கவில்லை. இந்த ஜூலையிலும் போனார்கள், இந்த முறை பட்டாணி வயல். மால்கம் சுடுகிறார். ரோலண்ட் வெறுங்கையோடு பக்கத்து டின்னில் உட்கார்ந்து பேசுகிறார். வாரம் ஒருமுறை அந்தப் பெண்மணியிடம் பேசிப் பேசி அவருக்கு அது பழக்கமாகிவிட்டது. மகனைப் பற்றி, மாத்திரையைப் பற்றி, குத்தகைக்காரன் வரப்பைக் கோணலாக உழுததைப் பற்றி, கையை ஆட்டி ஆட்டிப் பேசுகிறார். ஆடும் கையைப் பார்த்துப் புறாக்கள் பாதி வழியில் திரும்பிவிடுகின்றன. அடுத்த வயலில் போய் இறங்கித் தின்கின்றன. போன தடவை மூன்றே மூன்று புறாதான் கிடைத்தது.

"அவனைக் கூட்டிட்டுப் போனா ஒண்ணும் உருப்படாது" என்று மால்கம் வெண்டியிடம் புலம்பினார்.

"அப்புறம் எதுக்குய்யா கூட்டிட்டுப் போற?"

"டீ நல்லா போட்டு எடுத்துட்டு வருவான்."

அது பொய். ரோலண்ட் போடும் டீயை நானும் குடித்திருக்கிறேன்.